வினைச்சொற்கள் உருபாதல்: தமிழ் வழக்குகள்

தனிப்பொருள் தரும் ஒரு வினைச்சொல் காலப்போக்கில் பொருள் தேய்ந்து, ஒலி குறுகி, வேறொரு சொல்லின் காலத்தையோ வேற்றுமையையோ காட்டும் உருபாக மாறுவதே உருபாதல். மொழியியலில் இதற்குப் பெயர் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் மெய்யே (1912). சீன வழக்குகளில் இதற்குச் சான்றுகள் ஏராளம்: மாண்டரினில் ‘முடி’ என்னும் வினை, செயல் நிறைவைக் காட்டும் ‘லெ’ ஆயிற்று; கான்டனீசில் ‘கொடு’ என்னும் வினையே செயப்பாட்டுவினையில் செய்தவரைச் சுட்டுகிறது.

தமிழில் இம்மாற்றத்தின் தடம் இலக்கண நூல்களிலேயே உண்டு. சங்கப் பாடல்களில் நிகழ்காலத்துக்கெனத் தனி இடைநிலை வருவது அரிது. ‘செய்யும்’ போன்ற வடிவங்களே பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஆநின்று, கின்று, கிறு என மூன்று நிகழ்கால இடைநிலைகளைக் கூறுகிறது. இவற்றுள் முதலாவதில் ‘நில்’ என்னும் வினை அப்படியே தெரிகிறது. ‘உண்ணாநின்றான்’ என்றால் உண்கிறான் என்றே பொருள். அவன் உட்கார்ந்திருந்தாலும் அதே சொல்தான். உரையாசிரியர்கள் விரும்பி ஆண்ட இவ்வடிவம் பின்னர் வழக்கொழிந்தது, ‘கிறு’ நிலைத்தது.

வேற்றுமையிலும் இதே கதை. ‘இரு’ என்னும் வினையின் எச்சம் நீங்கலைக் காட்டும் சொல்லுருபாயிற்று: ‘குன்றத்தூர்லருந்து ஒரகடம்’ என்று டிக்கெட் கேட்பவர் எங்கும் இருந்ததைச் சொல்லவில்லை. ‘கண்ணாடி உடைஞ்சுடுச்சு’ என்பதில் ‘விடு’ இருக்கிறது. ஆனால் யாரும் எதையும் விடவில்லை. இத்தகைய துணைவினைகளை இ. அண்ணாமலை 1985இல் வெளிவந்த நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஒரே வினை வட்டாரத்துக்கு வட்டாரம் வெவ்வேறு அளவில் தேய்ந்திருப்பதைக் ‘கொள்’ காட்டுகிறது. ஈழத்தில் ‘வந்துகொண்டு’, மதுரைப் பக்கம் ‘வந்துக்கிட்டு’, சென்னை, செங்கல்பட்டு, வட ஆர்க்காட்டுப் பேச்சில் ‘வந்துக்கினு’ அல்லது ‘வந்துனு’. இக்கடைசி வழக்கில் ‘இருக்கிறேன்’ என்பதும் ‘கீறேன்’ எனச் சுருங்கும். ‘வந்துனு கீறேன்’ என்பதற்குள் வா, கொள், இரு என மூன்று வினைகள் அடங்கியுள்ளன. சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் இந்த வட தமிழ் வழக்கு பேசப்படும் பகுதியைச் சேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குத் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களின் ‘கிட்டு’ம் இன்று இங்கே கேட்கிறது.

‘கீறேன்’ என்பதைக் கொச்சையென்று தள்ளுவது தவறு. நன்னூல் ஏற்றுக்கொண்ட ‘ஆநின்று’ உருவான அதே வழியில் வந்த வடிவம் அது.