2004 ஆழிப்பேரலையும் புதுச்சேரி – கல்பாக்கம் கடற்கரையும்

2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடலில் ஏற்பட்ட நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் புதுச்சேரி, அதற்கு வடக்கே தமிழ்நாட்டில் உள்ள கல்பாக்கம் ஆகிய இடங்களின் மீன்பிடித் தொழிலையும் மின்னுற்பத்தியையும் பாதித்தன. இக்கடற்கரையில் சேதம் விளைவித்தது நில அதிர்வு அன்று, கடல்நீரே ஆகும்.

நிலநடுக்கம்

இந்திய நேரப்படி காலை 6:29 மணிக்குச் சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் இந்நிலநடுக்கம் ஏற்பட்டது. இதன் அளவு 9.1 ஆகும். இந்தியப் புவித்தட்டு பர்மா தட்டின் கீழ் அமிழும் எல்லையில் ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளவு உண்டானது. கடற்படுகை உயர்ந்ததால் எழுந்த அலைகள் இரண்டு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலான நேரத்தில் சோழமண்டலக் கடற்கரையை அடைந்தன. அக்காலத்தில் இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை.

புதுச்சேரி

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்ட கடற்சுவரும் அதன் முன் கொட்டப்பட்டிருந்த பெருங்கற்களும் நகரின் மையப்பகுதியைக் காத்தன. 1980களில் துறைமுகத்துக்காக அமைக்கப்பட்ட அலைத்தடுப்புகள் வடக்கு நோக்கிய மணல் நகர்வைத் தடுத்ததால் நகரின் மணற்கரை அரிக்கப்பட்டது; அவ்வரிப்பைத் தடுக்கவே இக்கற்கள் குவிக்கப்பட்டன. இத்தகைய அரண் இல்லாத வீராம்பட்டினம், நரம்பை, பனித்திட்டு முதலிய மீனவர் ஊர்களில் படகுகளும் வலைகளும் இயந்திரங்களும் அழிந்தன. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஏறத்தாழ 600 பேர் உயிரிழந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் தெற்கே உள்ள காரைக்காலைச் சேர்ந்தவர்கள்.

கல்பாக்கம்

சென்னை அணுமின் நிலையம் குளிர்விப்புக்கான நீரைக் கடலடிச் சுரங்கம் வழியாகப் பெறுகிறது. அன்று முதல் அலகு பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாம் அலகு இயங்கிக்கொண்டிருந்தது. சுரங்கம் வழியாக நீரேற்று நிலையத்தில் நீர்மட்டம் உயர்ந்து, கடல்நீரேற்றிகள் ஒன்றைத் தவிர மற்றவை செயலிழந்தன. இயக்குநர்கள் அணு உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினர். வெளி மின்சாரம் தடைப்படாததால் உலையைக் குளிர்விக்க முடிந்தது. கதிரியக்கக் கசிவு ஏற்படவில்லை. 2005 சனவரி தொடக்கத்தில் அலகு மீண்டும் இயக்கப்பட்டது. அருகில் கட்டப்பட்டுவந்த 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் அடித்தளக் குழியில் கடல்நீர் நிரம்பியது. அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பில் உயிரிழப்புகள் நேர்ந்தன.

பின்விளைவுகள்

2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2011 மார்ச்சில் சப்பானின் புக்குசிமா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கத்தால் வெளி மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பின்னர் வந்த ஆழிப்பேரலை கடல்நீரேற்றிகளையும் அவசரகால மின்னாக்கிகளையும் மூழ்கடித்ததால் உலைக்கருக்கள் உருகின. கல்பாக்கத்தில் மின்சாரம் நிலைத்திருந்ததே இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையிலான முதன்மையான வேறுபாடு ஆகும்.