மேய்ச்சல் சீட்டும் வேட்டை வழியும்: அமெரிக்க மேற்கில் பொதுநிலம், 1862–2025

மாடு மேய்க்க விடப்பட்ட அரசு நிலத்தில் வேட்டைக்காரர் நுழையலாமா? அமெரிக்க மேற்கைப் பொறுத்தவரை இதற்கு 1934-லேயே சட்டம் விடை சொல்லிவிட்டது. அவ்வாண்டின் டெய்லர் மேய்ச்சல் சட்டம், மேய்ச்சல் வட்டங்களுக்குள் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உள்ள உரிமையை எவ்விதத்திலும் குறைக்கவில்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. மேய்ச்சல் அனுமதியால் நிலத்தின்மீது எந்த உடைமையும் பிறக்காது என்பதும் அதிலேயே உண்டு. பண்ணையாளர் வாங்குவது புல்லை மட்டும்தான். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேயும் தீவனத்துக்கு இவ்வளவு என்று கட்டணம், அது 1.35 டாலருக்குக் கீழே இறங்கக் கூடாது என்று 1986-இல் அதிபர் ரீகன் ஆணையிட்டார். பல ஆண்டுகள் அதற்கு மேலே ஏறவும் இல்லை.

கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில் நிலைமை வேறு. அங்கே குத்தகைதாரருக்குப் பிடி அதிகம். 2003-ஆம் ஆண்டு விதிகளின்படி அவர் நியாயமான அளவில் பிறரை உள்ளே விடவேண்டும்; ஆனால் வேட்டைக்காரர் முன்கூட்டியே அவரைத் தொடர்புகொள்ள வேண்டும். வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில் மாடு நின்றால் அவர் மறுக்கலாம். அங்கே வழக்காடுவது குத்தகையைப் பற்றி.

அமெரிக்காவில் குத்தகை தடையாக இல்லாதபோதும் பூசல் ஓயவில்லை. அதற்குக் காரணம் நிலத்தைக் கூறுபோட்ட விதம். 1862-இன் பசிபிக் ரயில்வே சட்டம், பாதையின் இருபுறமும் நிலத்தை 640 ஏக்கர் சதுரங்களாக எண்ணிட்டு, ஒற்றைப்படைத் துண்டுகளை ரயில் கம்பெனிக்குக் கொடுத்தது. இரட்டைப்படைத் துண்டுகள் அரசிடமே நின்றன. தெற்கு வயோமிங்கின் நிலப்படம் இன்றைக்கும் சதுரங்கப் பலகைதான். ஒற்றைப்படைத் துண்டுகளை வாங்கியவருக்கு இடையிலுள்ள அரசு நிலமும் கிட்டத்தட்ட இலவசம்.

1870-களில் முள்கம்பி பரவியதும் பெரும் பண்ணைகள் பொதுநிலத்தை வளைத்து வேலி கட்டின. அதைத் தடுக்க 1885-இல் சட்டவிரோத அடைப்புச் சட்டம் வந்தது. கொலராடோவில் கேம்ஃபீல்ட் என்பவர் அதற்கும் ஒரு வழி கண்டார். அரசு நிலத்தில் ஒரு கம்பமும் நடாமல், தம் துண்டுகளின் விளிம்பிலேயே வேலி ஓட்டி, சுமார் 20,000 ஏக்கர் பொதுநிலத்தை அடைத்தார். 1897-இல் உச்ச நீதிமன்றம் அந்த வேலியும் செல்லாது என்றது. குடியேறிகளுக்காகவும் சிறு மாட்டுக்காரர்களுக்காகவும் பிறந்த அச்சட்டம், 1988-இல் பிராங்ஹார்ன் மான்களுக்கும் உதவியது. வயோமிங்கின் ரெட் ரிம் பகுதியில் அவை குளிர்காலத்தில் மேயும் இடத்தை மறித்த 28 மைல் வேலியில் மான்களுக்கு வழிவிடும்படி நீதிமன்றம் ஆணையிட்டது.

மனிதர் நடப்பதற்கு மட்டும் தெளிவு கிடைக்கவில்லை. வயோமிங்கின் செமினோ நீர்த்தேக்கத்துக்குத் தனியார் துண்டுகளின் வழியே பாதை போட்ட அரசின் வாதம் 1979-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது: 1862-இல் நிலத்தைக் கொடுத்தபோது வழியுரிமையை அரசு தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய கவனக்குறைவின் விலை என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

மிச்சமிருந்தது மூலை. நான்கு துண்டுகள் சந்திக்கும் புள்ளியில் ஓர் அரசுத் துண்டிலிருந்து மற்றொன்றுக்குக் குறுக்காகத் தாண்டலாமா? வயோமிங்கின் எல்க் மலையில் ஒரு பண்ணை, அப்படியொரு மூலையில் இரண்டு கம்பங்களை நட்டு, நுழையாதே என்ற பலகைகளோடு சங்கிலியும் கோத்திருந்தது. மிசௌரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் 2021-இல் இரும்பு ஏணி ஒன்றைக் கொண்டுவந்து, தனியார் மண்ணில் கால் படாமல் அந்த மூலையைத் தாண்டினார்கள். அத்துமீறல் வழக்கில் 2022-இல் ஜூரி அவர்களை விடுவித்தது. பண்ணையோ, சொத்து மதிப்பு குறைந்துபோனதென்று 70 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டது. அந்தத் தொகையே உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறது: பண்ணையின் மதிப்பில் ஒரு பங்கு, ஊரார் நிலத்தை ஊரார் எட்ட முடியாதிருப்பதால் வந்தது.

2025 மார்ச்சில் பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த 1885 சட்டத்தையே எடுத்துக்கொண்டு, மூலையைத் தாண்டுவதைத் தடுக்கப் பண்ணைக்கு உரிமையில்லை என்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. ஆனால் இத்தீர்ப்பு கட்டுப்படுத்துவது வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சாஸ், ஓக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்களை மட்டும். இதே ரயில்வே சதுரங்கள் நிறைந்த மான்டானா வேறொரு நீதிமன்ற வட்டத்தில் இருக்கிறது.