டெம்பிள் தேவாலய வாசலில் ஒரு பாட்டுக் கடை

நிறுவன வரலாறு எழுதுகிறவர்கள் அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து தொடங்குவார்கள். அடுத்து கட்டடத்தின் படத்தைப் போடுவார்கள். இங்கே சொல்லப்போகும் நிறுவனத்துக்கு அடிக்கல்லும் கிடையாது, சொந்தக் கட்டடமும் கிடையாது. லண்டன் ஃபிளீட் தெருவுக்குத் தெற்கே, வழக்கறிஞர்கள் தங்கித் தொழில் செய்த இன்னர் டெம்பிள் வளாகத்தில், பழைய வட்ட வடிவ தேவாலயத்தின் கதவையொட்டி ஒரு புத்தகக் கடை. அவ்வளவுதான். ஆனால் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் அச்சேறிய பாட்டுகளில் பெரும்பங்கு அந்தக் கடை வழியாகத்தான் மக்கள் கைக்குப் போனது. தேவாலயப் பாட்டுகளைச் சொல்லவில்லை. காதல், குடி, நாடகம், அரசியல் கேலி என்று வீட்டிலும் மேடையிலும் விடுதியிலும் பாடிய பாட்டுகள். கடைக்காரர் ஜான் பிளேஃபோர்ட். அவருக்குப் பின் மகன் ஹென்றி. இருவர் காலத்தையும் கூட்டினாலும் மணிவிழாக் கணக்குத்தான் வரும்.

ஜான் 1623இல் நாரிச் நகரில் பிறந்தவர். செயின்ட் டன்ஸ்டன் தேவாலய வளாகத்தில் கடை வைத்திருந்த ஜான் பென்சனிடம் ஏழாண்டு தொழில் பழகி, 1647இல் தனியாக வியாபாரம் செய்யும் உரிமை பெற்றார். வேளை சரியில்லை. மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. 1649 ஜனவரியில் முதலாம் சார்லஸின் தலையை வெட்டினார்கள். மன்னர் பக்கம் சாய்ந்த பிரசுரங்களில் கை வைத்த பிளேஃபோர்டைக் கைது செய்யவும் அதே ஆண்டு ஆணை பிறந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் பதிவு செய்த புத்தகத்தில் அரசியல் வாடையே இல்லை: நாட்டுப்புற நடனங்களுக்கான மெட்டுகளும் ஆடும் முறையும் அடங்கிய 'இங்கிலீஷ் டான்சிங் மாஸ்டர்'. 1651 என்று ஆண்டு போட்டு வெளிவந்த அதில் 105 நடனங்கள் இருந்தன. சரக்கு விற்றது. அதன்பின் அவர் இசையை விடவில்லை.

பியூரிட்டன்கள் ஆண்ட அந்தப் பத்தாண்டில் இங்கிலாந்தில் பாட்டே இல்லை என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள். நாடகக் கொட்டகைகளை 1642இலேயே மூடினார்கள், பேராலயங்களின் பாடகர் குழுக்களைக் கலைத்தார்கள், அரண்மனை வித்வான்களுக்கு வேலை போயிற்று, இவை உண்மை. வீட்டுக்குள் பாடுவதை யாரும் தடுக்கவில்லை. பியூரிட்டன் தலைவர் ஆலிவர் கிராம்வெல்லே ஆக்ஸ்ஃபோர்ட் மாக்டலன் கல்லூரியின் ஆர்கனைத் தன் ஹாம்ப்டன் கோர்ட் மாளிகைக்குக் கொண்டுவந்து வைத்துக் கேட்டவர். வேலை இழந்த வித்வான்கள் பணக்கார வீடுகளில் பாடம் சொல்லிப் பிழைத்தார்கள். பாடம் படிப்பவர்களுக்குப் புத்தகம் வேண்டும். அரண்மனையும் ஆலயமும் கைவிட்ட வேலையை ஒரு புத்தகக் கடை ஏற்றுக்கொண்டது இப்படித்தான்.

அப்படிப் பாடம் சொன்னவர்களில் பெரியவர் ஹென்றி லாஸ். 1652இல் பிளேஃபோர்ட் ஒரு பாட்டுத் தொகுப்பு போட்டார். அதில் லாஸின் பாட்டுகள் ஏராளம். லாஸுக்கோ விஷயமே தெரியாது. அச்சுக்குப் போன பிறகுதான் தனக்குத் தகவல் வந்தது என்று அவர் மறு ஆண்டு எழுதி வைத்திருக்கிறார். அன்றைய வழக்கப்படி பாட்டு எழுதியவருக்கு அதன்மேல் உரிமை கிடையாது, பதிவேட்டில் பெயர் போட்ட வியாபாரிக்கே உரிமை. நிறுவனரின் புகழைப் பாடவேண்டிய கட்டுரையில் இதைச் சொல்வது முறையா என்று கேட்கலாம். லாஸ் பகை பாராட்டவில்லை; 1653இல் தன் சொந்தத் தொகுப்பையே பிளேஃபோர்டிடம் கொடுத்தார். 1655இலும் 1658இலும் அடுத்த இரண்டு பாகங்கள் வந்தன. இரண்டாம் பாகத்தில் லாஸின் மாணவி லேடி மேரி டெரிங் இசையமைத்த மூன்று பாட்டுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் ஒரு பெண் இசையமைத்து அச்சேறிய முதல் பாட்டுகள் அவை என்பார்கள்.

லாஸின் முதல் பாகத்தில் ஒரு குறும்பு உண்டு. இத்தாலியப் பாட்டென்றால் வாயைப் பிளந்து கேட்டுவிட்டுத் தாய்மொழிப் பாட்டை ஏளனம் செய்யும் சீமான்களை அவருக்குப் பிடிக்காது. ஓர் இத்தாலியப் பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதன் உள்ளடக்கப் பட்டியலை, ஒன்றோடொன்று ஒட்டாத பாட்டு முதலடிகளை, அப்படியே வரிசையாக வைத்து மெட்டமைத்தார். கேட்டவர்கள் இத்தாலியின் அரிய பாட்டு என்று தலையாட்டினார்களாம். பிறகு அதையும் புத்தகத்தில் சேர்த்து விவரத்தையும் போட்டு உடைத்துவிட்டார்.

இந்தப் புத்தகங்களைத் திறந்தால் பக்கம் வெறிச்சென்று இருக்கும். மேலே பாடுகிறவருக்கு ஒரு சுர வரி, அதன் கீழே சாகித்தியம். அதற்கும் கீழே தாழ்ந்த சுரங்களுக்கு இன்னொரு வரி. இடையில் ஒன்றுமில்லை. தியோர்போ என்ற நீண்ட கழுத்துள்ள நரம்பு வாத்தியத்தையோ ஹார்ப்சிகார்டையோ வாசிப்பவர் கீழ்வரியைப் பார்த்து, அதற்கேற்ற இசைவுச் சுரங்களைத் தானே நிரப்பிக்கொள்ள வேண்டும். அதாவது புத்தகம் பாதிப் பாட்டைத்தான் தரும். மீதி வாசிப்பவர் கையில். எனவே பிளேஃபோர்டுக்குப் பாட்டை விற்பதோடு வேலை முடியவில்லை; வாங்குகிறவரை வாசிக்கத் தெரிந்தவராக ஆக்கவும் வேண்டியிருந்தது. அதற்காக 1654இல் அவர் போட்ட பாடப் புத்தகம்தான் 'இசைத் திறனுக்கு ஓர் அறிமுகம்'. சுரங்களைப் படிப்பது, குரலைப் பழக்குவது, வயல் என்ற வில் வாத்தியத்தைப் பிடிப்பது எல்லாம் எளிய ஆங்கிலத்தில், கையில் அடங்கும் சிறிய அளவில். 1730 வரை எண்ணிட்ட பதிப்புகளே 19 வந்தன. அவருடைய படமும் அதில்தான் அச்சாகி வந்தது. என் கணிப்பில் அந்த வீட்டின் பெரிய சாதனை இந்தச் சின்னப் புத்தகம்தான், பாட்டுத் தொகுப்புகள் அல்ல. கேட்பதற்கு ஆள் இல்லாமலும் இசை வளரலாம். பாடிப் பார்க்க ஆள் இல்லாமல் பாட்டுப் புத்தகம் விற்காது.

வாடிக்கையாளர் எப்படிப்பட்டவர் என்பதற்கு சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பு சாட்சி. கடற்படை அலுவலக அதிகாரியான அவர், தன் மனைவிக்குத் துணையாக வரவிருந்த கோஸ்னெல் என்ற பெண் நன்றாக ஆடுவாள் என்பதால், 1662 நவம்பரில் நடனப் புத்தகம் வாங்கினார். பிளேஃபோர்டையும் அங்கே சந்தித்தார். ரிச்சர்ட் டெரிங்கின் லத்தீன் பாட்டுப் புத்தகத்தைப் பிளேஃபோர்ட் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். பீப்ஸ் தானும் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர். பகலில் கணக்கு, இரவில் பாட்டு என்று வாழ்ந்த இவரைப் போன்றவர்களே இந்தக் கடையின் ஆதாரம்.

பிளேஃபோர்டின் வீட்டுக்காரம்மா ஹன்னாவும் சும்மா இருக்கவில்லை. இஸ்லிங்டனில் தேவாலயத்துக்கு எதிரே பெண்களுக்கான விடுதிப் பள்ளி நடத்தினார். எழுத்து, பிரெஞ்சு மொழியோடு பாட்டும் நடனமும் பாடங்கள். கணவர் அச்சிட்டதை மனைவி படிப்பித்தார். அச்சிட்டவர் பெயரையும் சொல்ல வேண்டும்: வில்லியம் காட்பிட். அவர் 1679இல் இறந்தபின் மனைவி ஆன் காட்பிட் அச்சகத்தை நடத்தினார். கூட்டாளி, பிளேஃபோர்டின் அண்ணன் மகனான இன்னொரு ஜான். கடையின் சொந்தக்காரரோ 1653 முதல் டெம்பிள் தேவாலயத்தின் எழுத்தர். குடிப்பாட்டுப் புத்தகம் விற்ற வாசலைத் தாண்டினால் ஞாயிற்றுக்கிழமை சங்கீதத்துக்குக் குரல் கொடுப்பவரும் அவரே.

1660இல் இரண்டாம் சார்லஸ் திரும்பினார், கொட்டகைகள் திறந்தன. பாட்டு நாடகத்துக்குள் புகுந்தது. மன்னர் பிரான்சில் ருசி பழகியவர். பெலம் ஹம்ஃப்ரி என்ற இளைஞனை அங்கே அனுப்பிப் பயிற்சி தந்தார். திரும்பிவந்த ஹம்ஃப்ரியின் பிரெஞ்சு மிடுக்கைப் பீப்ஸ் கேலி செய்கிறார். ஆனால் 27 வயதில் இறந்த அந்த மனிதரின் பாட்டுகளில் ஆங்கிலச் சொல்லின் ஏற்ற இறக்கத்தை மெட்டு அப்படிப் பிடித்துக்கொள்கிறது. பின்னால் வந்தவர்கள் அந்த வழியிலேயே போனார்கள். வயலின் வித்வான் ஜான் பனிஸ்டர் 1672 டிசம்பர் இறுதியில் ஒயிட்ஃபிரையர்ஸில் தன் வீட்டில், ஒரு ஷில்லிங் கொடுத்தால் யாரும் உட்கார்ந்து கேட்கலாம் என்று மாலைக் கச்சேரி தொடங்கினார். கடையிலிருந்து நடந்துபோகும் தூரம். மறு ஆண்டே பிளேஃபோர்ட் புதிய தலைமுறையின் பாட்டுகளைத் தொகுக்கத் தொடங்கினார். 1684 வரை ஐந்து பாகங்கள். முன்னுரைகளில் பழைய தலைமுறைக் கடைக்காரரின் முணுமுணுப்பு கேட்கும்: நம் கனமான இசைக்கு மதிப்புப் போய்விட்டது, அயல்நாட்டுத் துள்ளல் மெட்டுகளுக்குத்தான் காலம் என்று. முணுமுணுத்துக்கொண்டே அந்தத் துள்ளல் மெட்டுகளையும் விற்றார்.

1679இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு புதுப் பெயர். ஹென்றி பர்செல், வயது இருபது. அதே ஆண்டில்தான் தன் ஆசான் ஜான் ப்ளோவின் இடத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் ஆர்கன் வித்வான் ஆனார். 1683இல் வந்த நான்காம் பாகத்தில் அவருடைய 'பெஸ் ஆஃப் பெட்லம்' இருக்கிறது. காதலில் சித்தம் கலங்கிய பெண்ணின் பாட்டு: ஒரு நேரம் பேச்சுப் போல நகர்ந்து, திடீரென்று நடன மெட்டாகத் துள்ளி, மறுபடி அழுகையில் விழும். பித்துப் பாட்டு என்று ஒரு தனி வகையே அக்காலத்தில் இருந்தது. இது அதன் சிகரம். பர்செல்லின் இன்னொரு பிடிமானம், கீழ்வரியில் சில சுரங்களே திரும்பத் திரும்பச் சுழன்று வர, மேலே குரல் அந்தச் சுழற்சியின் எல்லைகளை மீறி விரிவது. 1692இல் மறுபடி மேடையேறிய 'ஈடிபஸ்' நாடகத்துக்கு எழுதிய பாட்டில் அந்தக் கீழ்வரி படிப்படியாக மேலேறிக்கொண்டே போகும். குரல் அவசரப்படாமல் அதன்மேல் மிதக்கும். வேடிக்கைக்கும் குறைவில்லை. விடுதியில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக ஒரே மெட்டைப் பாடும் 'கேட்ச்' பாட்டுகள் ஐம்பதுக்கு மேல் எழுதினார். தனித்தனியே பார்த்தால் சாதுவான வரிகள், மூன்று குரலும் பின்னும்போது இடைவெளிகளில் ஆபாசமாக ஒலிக்கும். அபேயின் ஆர்கனில் உட்கார்ந்த அதே கை.

1684இல் ஜான் பிளேஃபோர்ட் பொறுப்பை மகன் ஹென்றியிடமும் நண்பரின் மகன் ரிச்சர்ட் காரிடமும் விட்டு ஒதுங்கினார். அப்போது டெம்பிள் தேவாலயத்தில் ஆர்கன் செய்யும் இருவருக்குள் போட்டி. இருவரும் ஆளுக்கொரு ஆர்கனை நிறுத்தியிருந்தார்கள். ஃபாதர் ஸ்மித்தின் ஆர்கனை வாசித்துக் காட்டியவர்கள் ப்ளோவும் பர்செல்லும். தீர்ப்பு ஸ்மித்துக்குச் சாதகமாக 1688இல் வந்தபோது ஜான் உயிரோடு இல்லை. 1686 கடைசியையொட்டி அவர் காலமாகியிருந்தார். கவிஞர் நஹும் டேட் இரங்கற்பா எழுத, பர்செல் இசையமைத்தார். பிரபுக்களுக்கும் ராணிக்கும் இரங்கற்பா பாடிய காலம் அது. ஒரு புத்தகக் கடைக்காரருக்கு நாட்டின் தலைசிறந்த இசையமைப்பாளர் ஒப்பாரி வைத்தது சாதாரண மரியாதை அல்ல.

ஹென்றி கெட்டிக்காரர், காலம்தான் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. அப்பா போட்ட புத்தகங்களில் ஒவ்வொரு சுரமும் தனி ஈயத் துண்டு. அச்சுக் கோத்தால் கோடுகள் விட்டுவிட்டுத் தெரியும், சேர்த்து எழுதவேண்டிய வேகச் சுரங்கள் தனித்தனியே நிற்கும். ஹெப்டின்ஸ்டால் என்ற அச்சுக்காரர் 1687இல் சுரங்களை இணைத்துக் கோக்கும் புது எழுத்தைக் கொண்டுவந்தும், செப்புத் தகட்டில் செதுக்குபவரின் நெளிவு சுளிவு அதற்கு வரவில்லை. தாமஸ் கிராஸ் ஒற்றைத் தாளில் ஒரு பாட்டு என்று செதுக்கி விற்றார். நேற்று மேடையில் பாடிய பாட்டு இரண்டொரு நாளில் தாளாகக் கிடைக்கும்போது, தொகுப்பு வரட்டும் என்று யார் காத்திருப்பார்கள்? பிழை மலிந்த தாள்கள் என்று இசையமைப்பாளர்களின் தரப்பு திட்டியது. வாங்குகிறவர் வாங்கிக்கொண்டே இருந்தார். 1695இல் ஜான் வால்ஷ் பதிப்புத் தொழிலில் இறங்கியபின் போட்டி இன்னும் கடுமையாயிற்று.

அந்த ஆண்டு நவம்பர் 21இல் பர்செல் 36 வயதில் இறந்தார். 'டான் கிஹோட்டே' நாடகத்துக்காக நோய்ப்படுக்கையில் எழுதிய பித்துப் பாட்டே கடைசி என்று பிறகு அச்சிட்டார்கள். அவர் மனைவி ஃபிரான்சிஸ் பாட்டுகளைத் திரட்டிக் கொடுக்க, ஹென்றி பிளேஃபோர்ட் 1698இல் 'ஆர்ஃபியஸ் பிரிட்டானிக்கஸ்' வெளியிட்டார். 1702இல் இரண்டாம் பாகம். ப்ளோவின் 'ஆம்ஃபியன் ஆங்கிலிகஸ்' 1700இல் அதன் மாதிரியிலேயே வந்தது. அழகான பாட்டுகள் அதில் உண்டு. ஆனால் மாணவனுக்குப் பின்னால் ஆசானைப் பாடினால் சபை கொஞ்சம் நெளியத்தான் செய்யும். அதே காலத்து இசையமைப்பாளர் எக்கிள்ஸ் வேறு ரகம். நடிகை ஆன் பிரேஸ்கர்டிலின் குரலை அளந்து தைத்தவை அவர் பாட்டுகள்.

ஹென்றி கடைசிக் காலத்தில் படங்களை ஏலம் விட்டும் பிழைத்துப் பார்த்தார். 1698இல் அவர் தொடங்கிய வேடிக்கைப் பாட்டுத் தொகுப்பு 'பில்ஸ் டு பர்ஜ் மெலங்கலி'. அது மட்டும் அவரையும் தாண்டி வளர்ந்தது. நாடகாசிரியர் டர்ஃபி 1719–20இல் ஆறு பாகங்களாக அதை விரித்தார். பேசும்போது திக்கும் டர்ஃபிக்குப் பாடும்போது திக்காது என்று அக்காலத்தில் சொல்வார்கள். 1706க்குப் பிறகு ஹென்றியின் பெயரில் புதிதாக ஏதும் வருவது அருகிவிட்டது. அப்பாவின் முதல் சரக்கான நடனப் புத்தகத்தை ஜான் யங் என்ற வாத்திய வியாபாரி எடுத்துக்கொண்டு, 1728 வாக்கில் 18ஆம் பதிப்பு வரை கொண்டுபோனார். அதே 1728இல் ஜான் கேயின் 'பெகர்ஸ் ஆப்பரா' லண்டனைக் கலக்கிற்று. கேய் எழுதியது வார்த்தைகள் மட்டுமே. மெட்டுகள் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றில் கணிசமானவை பிளேஃபோர்ட் வீட்டுப் புத்தகங்களில் ஏற்கெனவே அச்சானவை.