ஐதரசன் புளோரைடு கசிவுகள்: அவசர நடவடிக்கையின் வரலாறு

ஐதரசன் புளோரைடு என்பது ஐதரசனும் புளோரினும் சேர்ந்த ஒரு சேர்மம். இதன் கொதிநிலை 19.5 பாகை செல்சியசு. குளிர்ந்த இடத்தில் நிறமற்ற நீர்மமாகவும், சற்று வெயில் ஏறினால் கடும் நெடியுள்ள வளிமமாகவும் இருக்கும். நீரில் கரைந்தால் அதற்கு ஐதரோபுளோரிக் அமிலம் என்று பெயர். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்படும் வளிமங்கள், உயர்தரப் பெட்ரோல், அணு உலைக்கான யுரேனியம், கைப்பேசியில் உள்ள சில்லு ஆகியவற்றின் உற்பத்தியில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தப் பொருள் வந்து போகிறது. இது கொட்டினால் அல்லது கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மனிதர்கள் கற்றுக்கொள்ள இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தப் படிப்புக்குக் கட்டணமாகப் பல உயிர்கள் போயிருக்கின்றன.

பள்ளியில் அமிலங்களைப் பாடம் நடத்தும்போது இதை "வலிமை குறைந்த அமிலம்" என்ற பட்டியலில் எழுதிப் போடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதிப் போட்டேன். நீரில் முழுமையாக அயனியாவதில்லை என்பதே அங்கு "வலிமை குறைந்த" என்பதன் பொருள். "அப்படியானால் கையில் பட்டால் ஒன்றும் செய்யாதா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவள் கேள்விக்கான விடைதான்.

கண்ணாடியைத் தின்ற அமிலம்

புளோர்ஸ்பார் என்பது கால்சியம் புளோரைடு கனிமம். இதைக் கந்தக அமிலத்துடன் சூடாக்கினால் ஐதரசன் புளோரைடு வெளிப்படும். 1764 இல் மார்க்கிராப் என்ற செருமானிய வேதியியலாளர் இதைச் செய்து பார்த்தார். 1771 இல் சுவீடனின் சீலே விரிவாக ஆராய்ந்தார். இருவருமே கண்ணாடி வாலை அரித்துப் போவதைக் கண்டனர். கண்ணாடியில் உள்ள சிலிக்காவுடன் இந்த அமிலம் வினைபுரிவதே காரணம். பின்னர் ஈயம், பிளாட்டினம் ஆகியவற்றால் செய்த கலன்களைப் பயன்படுத்தத் தொடங்கினர்.

கலன் தப்பியது, ஆனால் ஆள் தப்பவில்லை. புளோரினைத் தனியே பிரித்தெடுக்க முயன்ற அயர்லாந்தின் நாக்சு சகோதரர்கள் இருவரும் நஞ்சேறிக் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். பெல்சியத்தின் லூயே, பிரான்சின் நிக்லே ஆகியோர் உயிரிழந்தனர். 1886 சூன் 26 அன்று பாரிசில் ஆன்றி முவாசான் தம் முயற்சியில் வெற்றி பெற்றார். 1906 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அக்காலத்தில் கசிவுக்கு எதிரான நடவடிக்கை என்று ஒன்றும் இல்லை. சன்னலைத் திறந்து வைப்பார்கள், அவ்வளவுதான்.

உடலுக்குள் நடப்பது

கந்தக அமிலம் தோலில் பட்டால் உடனே எரியும், உடனே தெரியும். ஐதரோபுளோரிக் அமிலம் அப்படி அல்ல. 20 விழுக்காட்டுக்கும் குறைவான கரைசல் பட்டால் வலி தெரிய ஒரு நாள்கூட ஆகலாம். முழுமையாக அயனியாகாமல் இருப்பதால்தான் அதன் மூலக்கூறுகள் தோலை ஊடுருவி எளிதாக ஆழத்துக்குப் போகின்றன. மேலே சொன்ன "வலிமை குறைந்த" என்ற சொல்லின் வினை அது. உள்ளே சென்ற புளோரைடு அயனி, திசுக்களிலும் இரத்தத்திலும் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொள்கிறது. இரத்தத்தில் கால்சியம் சரிந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். உள்ளங்கை அளவு பட்ட அடர் அமிலமே ஒருவரைக் கொல்லக்கூடும்.

இதனால்தான் இதற்கான முதலுதவி மற்ற அமிலங்களிலிருந்து வேறுபடுகிறது. முதலில் உடையைக் கழற்றி ஏராளமான நீரால் கழுவ வேண்டும் என்பது பொது விதி. அதன் பின்னர் கால்சியம் குளுக்கோனேட்டுக் களிம்பைத் தேய்க்க வேண்டும், வழக்கமாக 2.5 விழுக்காடு செறிவில் இது கிடைக்கும். புளோரைடு உடலின் கால்சியத்தைத் தேடிப் போகும் முன், அதற்கு வெளியிலிருந்து கால்சியத்தைக் கொடுத்துவிடுவதே இதன் தத்துவம். நிலை மோசமானால் மருத்துவர்கள் இதையே ஊசி வழியாகச் செலுத்துவர். இந்த அமிலத்தைக் கையாளும் ஆலைகளில் தொழிலாளியின் கைக்கெட்டும் இடத்தில் இக்களிம்பு இருப்பது வழக்கமானது. இல்லாத ஆலையில் வேலைக்குச் சேராதே என்று என் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

தரையில் கொட்டிய அமிலத்துக்கும் கால்சியமே மருந்து. நீற்றிய சுண்ணாம்பைத் தூவினால் அமிலம் கால்சியம் புளோரைடாகவும் நீராகவும் மாறிவிடும். எந்தக் கனிமத்திலிருந்து அமிலத்தை எடுத்தோமோ அந்தப் புளோர்ஸ்பாராகவே அது திரும்பிவிடுகிறது.

போர்க்கால இரகசியம்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் அணுகுண்டுக்கான யுரேனியத்தைச் செறிவூட்டும் முயற்சியில் யுரேனியம் அறுபுளோரைடு பயன்படுத்தப்பட்டது. 1944 செப்டம்பர் 2 அன்று பிலடெல்பியா கடற்படைத் தளத்தில் இருந்த சோதனை ஆலையில், அடைத்துப் போன ஒரு குழாயைச் சரிசெய்யும்போது கலன் வெடித்தது. அருகில் இருந்த நீராவிக் குழாய்களும் உடைந்தன. நீராவியும் யுரேனியம் அறுபுளோரைடும் சேர்ந்தால் ஐதரசன் புளோரைடு உருவாகும். இரண்டு பொறியாளர்கள் இறந்தனர். மேலும் பலர் காயமடைந்தனர். திட்டம் இரகசியமானது என்பதால் விபத்தின் உண்மைக் காரணம் பல ஆண்டுகள் வெளியே பேசப்படவில்லை. பேசப்படாத விபத்திலிருந்து யாரும் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது.

அதே போர்க்காலத்தில்தான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் இந்த அமிலத்தை வினையூக்கியாகப் பயன்படுத்தத் தொடங்கின. விமானங்களுக்கு உயர்தரப் பெட்ரோல் வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் சில கிராம்களாக இருந்த பொருள் டன் கணக்கில் ஊர்களின் நடுவே வந்து உட்கார்ந்தது.

பாலைவனத்தில் ஒரு சோதனை

பெரிய தொட்டி உடைந்தால் என்ன ஆகும்? அமிலத்தின் பெரும்பகுதி தரையில் குளம்போலத் தேங்கும், சுற்றிலும் வரப்பு கட்டினால் போதும் என்றே நீண்ட காலம் எண்ணியிருந்தனர். 1986 கோடையில் நெவாடா பாலைவனத்தில் உண்மையாகவே அமிலத்தை வெளியேற்றிப் பார்த்தனர். இந்தச் சோதனை வரிசைக்குக் "கோல்டுபிசு" என்று பெயர். தரையில் தேங்கும் என்று எதிர்பார்த்த அமிலம் தேங்கவே இல்லை. அழுத்தத்தில் இருந்த நீர்மம் வெளியே வந்ததும் நுண்துளிகளும் வளிமமும் கலந்த கனமான புகையாகி, தரையை ஒட்டியே காற்றின் திசையில் பல கிலோமீட்டர் ஊர்ந்து சென்றது. வரப்புகளால் பயனில்லை என்று அன்று தெரிந்தது.

அடுத்த ஆண்டே, 1987 அக்டோபர் 30 அன்று, டெக்சாசு நகரச் சுத்திகரிப்பு ஆலையில் பாரந்தூக்கி தூக்கிச் சென்ற கனமான சூடேற்றிப் பகுதி ஒன்று தவறி அமிலத் தொட்டியின்மீது விழுந்தது. தொட்டியின் மேற்புறக் குழாய்கள் முறிந்தன. ஏறத்தாழ 4,000 பேர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். சுமார் 1,000 பேர் கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், மூச்சுத் திணறல் என்று மருத்துவமனைக்கு வந்தனர். எவரும் இறக்கவில்லை. முறிந்தது தொட்டியின் மேற்பகுதி என்பதால் வளிமம் மட்டுமே வெளியேறியது. அடிப்பகுதியில் ஓட்டை விழுந்து நீர்மம் பீறிட்டிருந்தால், நெவாடாவில் கண்டது ஊருக்குள் நடந்திருக்கும்.

1988 இல் மீண்டும் நெவாடாவில் சோதனைகள் நடந்தன. இம்முறை நீரைத் திரைபோலப் பீய்ச்சிப் புகையை மடக்க முடியுமா என்று பார்த்தனர். இந்த வளிமம் நீரில் மிக எளிதாகக் கரையும். அமிலத்தைப் போல 40 மடங்கு நீர் பாய்ச்சினால் 90 விழுக்காடு வரை பிடித்துவிடலாம் என்று தெரிந்தது. அதன் பிறகு நீர்த்திரை அமைப்புகள் இத்தகைய ஆலைகளில் பரவின. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காற்றில் உள்ள புகைக்கு நீர் நல்லது, தேங்கிக் கிடக்கும் அடர் அமிலத்தின்மீது கொஞ்சமாக நீரை ஊற்றினால் வெப்பம் கிளம்பி மேலும் புகையும். அமிலத்தில் நீரை ஊற்றாதே, நீரில் அமிலத்தை ஊற்று என்று எட்டாம் வகுப்பில் சொல்லித் தருவதன் பெரிய வடிவம் இது.

குமி, 2012

தென்கொரியாவின் குமி நகரத் தொழிற்பேட்டையில் 2012 செப்டம்பர் 27 பிற்பகல், தொட்டி வண்டியிலிருந்து ஆலைக்கு ஐதரசன் புளோரைடை மாற்றிக்கொண்டிருந்தபோது வால்வு ஒன்று தவறுதலாகத் திறந்துகொண்டது. சுமார் 8 டன் வெளியேறியது. ஐந்து தொழிலாளர்கள் இறந்தனர்.

இந்த விபத்து இன்றும் பாடமாக எடுக்கப்படுவதற்குக் காரணம் கசிவைக் காட்டிலும் அதற்குப் பின் நடந்தவை. வந்த தீயணைப்பு வீரர்களிடமும் காவலர்களிடமும் தக்க பாதுகாப்பு உடை போதிய அளவில் இல்லை. கையில் இருந்தது நீர் மட்டுமே. அமிலத்தை நடுநிலையாக்கும் சுண்ணாம்பு வந்து சேரத் தாமதமாயிற்று. உதவ வந்தவர்களும் செய்தி சேகரிக்க வந்தவர்களும் நோயாளிகளாயினர். அருகிலிருந்த சிற்றூர் மக்கள் முதலில் வெளியேற்றப்பட்டனர். ஆனால் மறுநாள் விடியும் முன்பே எச்சரிக்கை நிலை குறைக்கப்பட்டது. மக்கள் வீடு திரும்பினர்.

திரும்பி வந்தவர்கள் கண்டது கருகிப்போன வயல். நெல்லும் பழமரங்களும் தீய்ந்திருந்தன. கால்நடைகள் மூக்கொழுகி இருமின. தோல் தடிப்பு, தலைவலி, இருமல் என்று மருத்துவமனைக்குச் சென்றோர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்தது. கருவிகளில் அளவு குறைந்துவிட்டது என்று அதிகாரிகள் கூற, பயிர்கள் வேறு சாட்சி சொல்லின. அக்டோபர் 6 அன்று ஊர்மக்கள் தாங்களே முடிவெடுத்து மீண்டும் வெளியேறினர். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 8 அன்று, அரசு அப்பகுதியைச் சிறப்புப் பேரிடர் பகுதியாக அறிவித்தது. அறிவிப்பு வர 11 நாள் ஆயிற்று. அமிலம் வெளியேறிய நேரத்தைவிட இந்தப் பதினொரு நாள்தான் அந்த ஊர்களுக்குக் கொடுமையானது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதன் விளைவாகத் தொழிற்பேட்டைகளில் பல துறைகளும் சேர்ந்து இயங்கும் வேதிப் பேரிடர் மையங்கள் அமைந்தன. பழைய நச்சு வேதிப்பொருள் சட்டம் முழுவதும் திருத்தப்பட்டு, 2015 சனவரி 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

மீண்டும் பிலடெல்பியா

1944 இல் வெடித்த அதே நகரில், 2019 சூன் 21 அதிகாலை 4 மணியளவில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் குழாய் வளைவு ஒன்று உடைந்தது. எரிவளிமம் கசிந்து தீப்பற்றி அடுத்தடுத்து வெடிப்புகள் நிகழ்ந்தன. 17 டன் எடையுள்ள கலன் துண்டு ஒன்று சுகைல்கில் ஆற்றைத் தாண்டிப் போய் விழுந்தது.

இங்கே மூன்று விதத் தற்காப்புகள் இருந்தன. முதலாவது, அமிலத்தை விரைவாக வேறு கலத்துக்கு இறக்கிவிடும் அமைப்பு. தீப்பிடித்ததும் கட்டுப்பாட்டு அறையில் இருந்த பணியாளர் அதை உடனே இயக்கினார். சுமார் 150 டன் அமிலம் தீயிலிருந்து விலகிப் பாதுகாப்பாக இறங்கியது. இரண்டாவது நீர்த்திரை. அதைத் தொலைவிலிருந்து இயக்கும் கட்டுப்பாட்டை வெடிப்பு சேதப்படுத்திவிட்டது. ஏறத்தாழ 40 நிமிடம் கழித்து, ஒரு பணியாளர் பாதுகாப்பு உடை அணிந்து நெருப்புக்கு அருகே சென்று கையால் பம்பை இயக்கினார். வெளியேறிய சுமார் 2.4 டன்னில் 0.9 டன்னை நீர் பிடித்தது; எஞ்சிய 1.5 டன் காற்றில் கலந்தது. பல இலட்சம் மக்கள் வாழும் நகரில் ஓர் உயிரும் போகவில்லை.

மூன்றாவது தற்காப்பு, குழாய்களின் தடிமனைக் காலந்தோறும் அளந்து பார்ப்பது. உடைந்த வளைவு 1970களில் பொருத்தப்பட்டது. அதன் எஃகில் நிக்கலும் செம்பும் கூடுதலாக இருந்ததால் மற்றவற்றைவிட விரைவாக அரிக்கப்பட்டு, தாளைப் போல மெலிந்திருந்தது. அக்கம்பக்கத்துக் குழாய்களை ஆலையினர் அளந்து வந்தனர். அவை நல்ல தடிமனோடு இருந்தன. அளக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அந்த ஒரு வளைவு இல்லை.