ஈரச் சுவரின் நிறங்கள்

ஆறடிக்கு நான்கடி இருக்கும் ஒரு குளியலறைக்கு என்ன வர்ணம் பூசுவது என்பது ஒரு மாலைப் பொழுதுக்குள் முடிந்துவிட வேண்டிய கேள்விதான். பெயிண்டர் முடிவோடுதான் வந்திருந்தார். "வெள்ளையே அடிச்சிடலாம் சார். சின்ன ரூம், கொஞ்சம் பெருசாத் தெரியும்." அவர் கையிலிருந்த வண்ண அட்டையில் வெள்ளையே பல விதமாக இருந்தது. எனக்கோ அடுத்த மடிப்பிலிருந்த பச்சைகளின் மேல் கண். தளிர், பாசி, கடல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அந்தப் பச்சை எதனால் ஆனது என்று அந்தப் பெயர்களில் ஒன்றும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் சுவருக்குப் பச்சையைத் தேர்ந்தவர்களும் கேட்கவில்லை. அவர்கள் தங்களை அறியாமல் ஒரு நஞ்சை வீட்டுக்குள் அழைத்து வந்தார்கள். வெயில் நுழையாத, ஈரம் உலராத அறைகள்தாம் முதலில் அதைக் காட்டிக்கொடுத்தன.

கார்ல் வில்ஹெல்ம் ஷீலே ஸ்வீடனைச் சேர்ந்த மருந்தாளர். பிராணவாயுவைத் தனியாகக் கண்டறிந்தும், நூல் அச்சேறத் தாமதமானதால் பெருமையின் பெரும்பகுதியைப் பிறரிடம் இழந்தவர். அவர் 1775இல் செம்பையும் பாஷாணத்தையும் (இன்றைய பெயரில் ஆர்சனிக்) சேர்த்து ஒரு பச்சையை உண்டாக்கினார். அதுவரை ஓவியர்களிடம் இருந்த பச்சைகள் மங்குபவை, கறுப்பவை. ஷீலேயின் பச்சை புதியது, மலிவானது. 1814இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் இதைவிடப் பளிச்சென்ற, இதே மூலப்பொருள்களால் ஆன இன்னொரு பச்சை வந்தது. மரகதப் பச்சை என்று அதற்குப் பெயரிட்டார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் எரிவாயு விளக்கிலும் பச்சையாகவே தெரியும் பச்சை அது. சுவர்த்தாள், திரைச்சீலை, நடன உடை, செயற்கைப் பூக்கள் என்று எல்லாவற்றிலும் ஏறியது. 1861 நவம்பரில் லண்டனில் மெட்டில்டா ஷூரர் என்ற பத்தொன்பது வயதுப் பெண் இறந்தாள். செயற்கை இலைகளில் அந்தப் பச்சைத் தூளைத் தூவுவது அவள் வேலை.

மறு ஆண்டு லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரே குடும்பத்தில் நான்கு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் தொண்டை அடைப்பான் நோய் என்றே கருதினார்கள். வைத்தியம் பார்த்த மருத்துவர் வீட்டின் சாக்கடையையும் தண்ணீரையும் ஆராய்ந்து, அவற்றில் குறை காணாமல், கடைசியில் சுவரைப் பார்த்தார். சுவரில் பச்சைத் தாள்.

சுவர் எப்படிக் கொல்லும்? நக்கினால், சுரண்டித் தின்றால் சரி. சும்மா உறங்குபவரை அது எப்படித் தொடும்? இந்தக் கேள்விக்கான விடை வந்த பாதைதான் இக்கதையில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி. ஹைடல்பெர்கின் வேதியியலாளர் லியோபோல்ட் க்மெலின் 1839இலேயே நாளிதழில் எச்சரித்திருந்தார். பச்சைத் தாள் ஒட்டிய அறைகளில் ஈரம் இருந்தால் எலி நாற்றம் போல ஒன்று எழுகிறது, அங்கே உறங்காதீர்கள் என்றார். அரை நூற்றாண்டு கழித்து, 1890களில், இத்தாலியில் பார்த்தொலொமேயோ கோசியோ உருளைக்கிழங்கு மசியலில் பாஷாணத்தைக் கலந்து, அதில் பூஞ்சையை வளரவிட்டார். பூண்டு வாசனையோடு ஒரு வாயு வந்தது. 1930களின் தொடக்கத்தில் பிரெடெரிக் சாலஞ்சர் அதை ட்ரைமெதில் ஆர்சைன் என்று இனங்கண்டார். ஆக, சுவர் மட்டும் குற்றவாளி அல்ல. ஈரம் பூஞ்சையை வளர்க்கிறது, பூஞ்சை பச்சையை உண்டு பாஷாணத்தைக் காற்றில் விடுகிறது. நீண்ட காலம் இதுவே முடிந்த முடிவாக நின்றது.

நெப்போலியன் இங்கேதான் நுழைகிறார். செயின்ட் ஹெலினா தீவில் அவரை அடைத்துவைத்திருந்த லாங்வுட் இல்லம் ஈரத்துக்குப் பேர்போனது. அவரோ வெந்நீர்த் தொட்டியில் மணிக்கணக்கில் கிடப்பவர். 1821இல் இறந்தார். அவருடைய தலைமுடியில் பாஷாணம் இருப்பதாக 1961இல் செய்தி வந்ததும் விஷம் வைத்துக் கொன்றார்கள் என்ற கதை கிளம்பியது. பிரிட்டிஷ் வேதியியலாளர் டேவிட் ஜோன்ஸ் வானொலியில் பேசும்போது, லாங்வுட்டின் சுவர்த்தாள் துண்டு ஒன்று கிடைத்தால் போதும் என்று ஏக்கத்தோடு சொன்னார். நம்ப முடியாத வகையில் ஒரு பெண்மணியிடம் அது இருந்தது, பழைய குடும்ப ஆல்பம் ஒன்றுக்குள் ஒட்டப்பட்டு. சோதித்தார்கள். பாஷாணம் இருந்தது. 1982இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியானது.

எவ்வளவு அழகான முடிவு! வரலாறு இத்தகைய அழகுகளை அதிக நாள் விட்டுவைப்பதில்லை. 2008இல் இத்தாலிய ஆய்வாளர்கள் நெப்போலியன் சிறுவனாக இருந்தபோது எடுத்த முடியையும் அவர் காலத்தவர் பிறரின் முடியையும் ஒப்பிட்டார்கள். எல்லாரிடமும் இன்றைய அளவைவிடப் பல மடங்கு பாஷாணம். அந்தக் காலத்தில் வாழ்ந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. அதற்கு முன்பே, 2005இல், வில்லியம் கல்லனும் ரொனால்ட் பென்ட்லியும் ட்ரைமெதில் ஆர்சைன் அப்படியொன்றும் கொடிய வாயு அல்ல என்று வாதிட்டிருந்தார்கள். அப்படியானால் லைம்ஹவுஸ் குழந்தைகளைத் தொட்டது எது? உதிர்ந்த தூள், மூச்சிலும் விரலிலும் கலந்த தூள் என்பதே எளிய விடை. பூஞ்சையின் பங்கு நாம் நினைத்ததைவிடச் சிறியது போலும். ஆனால் நாற்றத்தை முகர்ந்து எச்சரித்த க்மெலினின் மூக்கு தவறவில்லை.

அமெரிக்காவின் மிசிகனில் ராபர்ட் கெட்ஸி என்ற மருத்துவர் வாதத்தை நம்பாமல் சாட்சியையே கையில் கொடுத்தார். 1874இல் கடைகளில் விற்ற பாஷாணச் சுவர்த்தாள்களை வாங்கி, பக்க அளவுக்கு வெட்டி, 86 மாதிரிகளைக் கொண்ட நூலாகக் கட்டி, நூறு பிரதிகளை மாநில நூலகங்களுக்கு அனுப்பினார். 'மரணச் சுவர்களின் நிழல்கள்' என்பது போலப் பொருள்படும் தலைப்பு. நூலைத் தொடுவதே ஆபத்து என்று பெரும்பாலான நூலகங்கள் பிற்காலத்தில் அழித்துவிட்டன. எஞ்சியவை மிகச் சில. படிப்பவரை உண்மையிலேயே கொல்லக்கூடிய நூல் என்றால் நமக்கு உம்பெர்த்தோ எக்கோ நினைவுக்கு வருவார். கெட்ஸி அவருக்கு நூறாண்டு மூத்தவர்.

வில்லியம் மாரிஸின் பெயரைச் சொல்லாமல் நகர மனமில்லை. கைவினையின் மேன்மையைப் பாடியவர், சோஷலிஸ்ட், அழகற்ற எதையும் வெறுத்தவர். அவருடைய குடும்பச் செல்வம் டெவன் கிரேட் கன்சால்ஸ் சுரங்கத்தின் பங்குகளிலிருந்து வந்தது. அச்சுரங்கம் செம்பு தீர்ந்தபின் பாஷாணம் விற்று வாழ்ந்தது. மாரிஸ் சில ஆண்டுகள் அதன் இயக்குநராகவும் இருந்தார். சுவர்த்தாள் நஞ்சு என்ற பேச்சை மருத்துவர்களின் பீதி என்றே தள்ளினார். அவருடைய ஆரம்பகாலச் சுவர்த்தாள் ஒன்றின் பச்சையில் பாஷாணம் இருந்ததை ஆண்டி மெஹார்க் 2003இல் சோதித்து எழுதினார். அழகை நேசிப்பவர்கள் அதன் சப்ளையரைப் பற்றி விசாரிப்பதில்லை என்பது பழைய வழக்கம்தான்.

குளியலறை வெள்ளையானது வேறொரு அச்சத்தால். செல்வந்தர் வீடுகளில் தனியறையாகக் குளியலறை தோன்றியபோது, அது பெரும்பாலும் மாற்றியமைத்த படுக்கையறைதான். கம்பளம், மரச்சாமான், திரை, பூப்போட்ட சுவர்த்தாள் எல்லாம் அங்கே இருந்தன. 1871இல் பிரிட்டிஷ் இளவரசர் எட்வர்ட் டைபாய்டில் விழுந்து சாவின் விளிம்புவரை போனார். அவர் தங்கிய மாளிகையின் சாக்கடை மேல் பழி விழுந்தது. 1882இல் ராபர்ட் கோச் காசநோய்க் கிருமியைக் காட்டினார். இனி அழுக்கு மறைந்திருக்கக்கூடாது. ஒரு மயிரிழை விழுந்தாலும் தெரிய வேண்டும். வெள்ளை ஓடு, வெள்ளைத் தொட்டி, வெள்ளைப் பூச்சு. ஆக, வெள்ளையைக் குளியலறைக்குக் கொண்டுவந்தது இடம் பெரிதாகத் தெரியும் என்ற ஆசை அல்ல. இதைப் பெயிண்டரிடம் சொல்லவில்லை. அவர் சொன்னதும் பொய்யல்லவே.

அந்த வெள்ளையின் உள்ளும் ஒன்று இருந்தது. எண்ணெயில் குழைத்த ஈய வெள்ளைதான் அக்காலத்தின் சிறந்த பூச்சு. பூசுபவர்களின் வயிற்றுவலியும் கைச்செயலிழப்பும் அத்தொழிலின் இயல்பு என்றே எடுத்துக்கொள்ளப்பட்டன. பாரிஸில் ஜான் லெக்லேர் என்ற பூச்சுத் தொழில் முதலாளி 1840களில் தன் ஆட்களுக்காகத் துத்தநாக வெள்ளைக்கு மாறினார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் 1904இல், குழந்தைகளின் ஈய நோய்க்குக் காரணம் வராந்தாக் கம்பிகளில் பொடிந்து உதிரும் பூச்சு என்று எழுதினார். 1921இல் கட்டடங்களின் உட்பூச்சில் ஈய வெள்ளையைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை வந்தது. அமெரிக்கா அதில் சேரவில்லை. வீட்டுப் பூச்சில் ஈயத்தை 1978இல்தான் தடைசெய்தது. இந்தியாவில் வீட்டுப் பூச்சுகளில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பிரிஸ்பேன் மருத்துவர் எழுதி 113 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் எத்தனை ஜன்னல் கம்பிகளை எத்தனை குழந்தைகள் கடித்திருக்கும்?

நம் பழைய வீடுகளில் இந்தச் சிக்கல் குறைவு. குளிப்பது கிணற்றடியில் அல்லது கொல்லைப்புறத் தடுப்பில், சுவருக்குச் சுண்ணாம்பு. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் வேர்விடாது. வருடத்துக்கொருமுறை பொங்கலுக்கு முன் மறுபடி அடிப்பதால், பிடித்த கொஞ்சமும் புதைந்துவிடும். அதில் கலக்கும் நீலத்துக்கும் ஒரு கதை உண்டு. லாப்பிஸ் கல்லை அரைத்து எடுத்த விலையுயர்ந்த நீலத்துக்கு மலிவான மாற்றைக் கண்டுபிடிப்பவருக்கு 6000 பிராங்க் பரிசு என்று 1824இல் பிரான்ஸில் அறிவித்தார்கள். 1828இல் ஜான் பப்தீஸ்த் கிமே அதைப் பெற்றார். அல்ட்ராமரீன் என்ற அந்த நீலம் நச்சற்றது, சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். அதற்கு முந்தைய பிரஷ்ய நீலத்தைச் சுண்ணாம்பில் கரைத்தால் பழுப்பாகிவிடும். அரசர்களின் கல்லை ஈடு செய்த நீலம்தான் சலவைக்காரரின் தொட்டிக்கும் நம் கொல்லைச் சுவருக்கும் வந்து சேர்ந்தது. நிறங்களின் வரலாற்றில் யாரையும் கொல்லாத வெற்றி இதுபோலச் சிலதான்.

இன்று டப்பாவில் வரும் வெள்ளை, டைட்டானியம் டை ஆக்சைடு. முதல் உலகப் போர்க் காலத்தில் நார்வேயிலும் அமெரிக்காவின் நயாகராவிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொழிற்சாலைக்கு வந்தது. ஒளியை வளைப்பதில் வைரத்தையும் விஞ்சும். அதனால் மெல்லிய பூச்சே பழைய சுவரை மறைத்துவிடுகிறது. வண்ண அட்டையின் வெளிர் பச்சைகளுக்குள்ளும் பெரும்பகுதி இதுதான். இதன் தாதுவான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலாகக் கிடக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அங்கே தேடி வந்தது மோனசைட்டை, எரிவாயு விளக்கின் வலைக்குத் தேவையான தோரியத்துக்காக. இல்மனைட்டுக்குப் பின்னர்தான் விலை வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகச் சந்தையின் பெரும்பகுதியைத் திருவிதாங்கூர் மணல் நிரப்பியது. கன்னியாகுமரிக் கரையின் மீனவர்கள் மணல் அள்ளுவதை எதிர்த்துக் குரல் எழுப்பி வருவது கடலரிப்பை எண்ணியும் கதிர்வீச்சை எண்ணியும். வெள்ளையே அடித்துவிடலாம் என்றபோது என் மனம் போன இடம் அது.

நிறம் குளியலறைக்குத் திரும்பியது 1927இல். அமெரிக்கக் கம்பெனிகள் லாவண்டர், தளிர்ப் பச்சை, அடிவான நீலம் என்று தொட்டிகளுக்குப் பெயரிட்டு விற்றன. பிறகு ஐம்பதுகளின் இளஞ்சிவப்பு, எழுபதுகளின் அவகாடோ பச்சை, அவற்றைப் பெயர்த்தெறிந்துவிட்டு மறுபடி வெள்ளை. இவை நாகரிகத்தின் கதை. சீக்கிரம் கடந்துவிடலாம்.

ஆனால் பூஞ்சை போகவில்லை. தண்ணீரில் கரையும் புதிய பூச்சுகள் அதற்கு நல்ல உணவு. எனவே பூஞ்சைக்கொல்லியாகப் பாதரசச் சேர்மம் ஒன்றைச் சேர்த்தார்கள். 1989இல் ஒரு வீட்டின் உட்புறம் முழுக்க 64 லிட்டர் பூச்சு அடித்தபின், நான்கு வயதுப் பையன் கைகால் சிவந்து தோலுரிந்து நடக்க முடியாமல் போனான். சுவரிலிருந்து ஆவியான பாதரசம். மறு ஆண்டு உட்பூச்சுகளில் பாதரசம் நிறுத்தப்பட்டது. அந்த வீடு இருந்ததும் மிசிகனில்தான், கெட்ஸி நூறு பிரதிகளை அனுப்பிய அதே மாநிலத்தில்.

மறுநாள் பெயிண்டர் வந்தபோது, ஈயம் இல்லை என்று டப்பாவில் அச்சிட்டிருக்கிறதா என்று கேட்டேன். படித்துக் காட்டினார். பிறகு சுவரைத் தட்டிப் பார்த்து, மேல் மூலையில் பிடித்திருந்த கறுப்பை நகத்தால் கீறி, "எந்தக் கலர் அடிச்சாலும் இது மறுபடி வரும் சார், மொதல்ல காத்து வரணும்" என்றார். பல வருடங்களாக அட்டை வைத்து அடைத்திருந்த சின்னஞ்சிறு ஜன்னலைத் திறக்கப் பாதி நாள் ஆயிற்று. சுவர் உலர இன்னும் பத்து நாளாவது ஆகும். தளிர்ப் பச்சைக்குச் சொல்லியிருக்கிறேன்.