மோரிஸ் மைனரும் வீட்டுப் பட்டறையும்

1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்த மோரிஸ் மைனர், பிறக்கு முன்னரே வெட்டி ஒட்டப்பட்ட கார் ஆகும். அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி அகலங்குறைந்து தோன்றுவதாகக் கருதி, அதனை நெடுக்கில் இரண்டாக அறுக்கச் செய்தார். இரு பாதிகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினால் தோற்றம் சீர்படும் எனத் தெளிந்தார். பானெட்டின் நடுவே மேடாக ஓடும் பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. முன்னரே செய்து குவித்திருந்த பம்பர்களையும் வீணாக்க மனமின்றி நடுவில் வெட்டி, இடையே ஒரு தகட்டுத் துண்டை வைத்து இணைத்தனர். நிறுவனத் தலைவரான நஃபீல்டு பிரபு இந்த வண்டியை வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டைக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார் என்பர். அந்த முட்டைதான் 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று! மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1950களில் அது சாலைதோறும் காணப்பட்ட வண்டியாகும்.

உற்பத்தி நின்ற பின்னரும் இக்கார் அழியாமல் நின்றதற்குக் காரணம் வெறும் பழம்பொருட் பற்று அன்று. அதன் மேனி அமைந்த முறையே முதற்காரணம். நம் முன்னோரின் கூண்டு வண்டியில் கூண்டு வேறு, சட்டம் வேறு. கூண்டு நைந்தால் கூண்டை மட்டும் மாற்றலாம். பழைய மோட்டார் வண்டிகள் பலவும் அவ்வாறே கனத்த அடிச்சட்டத்தின்மேல் உடற்கூட்டை ஏற்றிச் செய்யப்பட்டவை. மோரிஸ் மைனரிலோ உடற்கூடே எலும்பும் ஆயிற்று. தரைத்தகடும், கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டங்களும், குறுக்குச் சட்டமும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே அங்குத் துரு பிடித்தால் வண்டியின் உயிருக்கே ஆபத்து. ஆயினும் முன்பின் மட்கார்டுகள் நான்கும் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டவை. இந்த ஒரு வசதியே சாதாரண வீட்டுக்காரனையும் துணிந்து கைவைக்கச் செய்தது.

முன்மட்கார்டை மாற்றுவதில் பெரும்பாடு துருவேறிய போல்ட்டுகளைக் கழற்றுவதே. முதல்நாளே எண்ணெயில் ஊறவிட வேண்டும். அப்படியும் அசையாதவற்றை அறுத்தெடுக்க வேண்டும். புதிய தகட்டை ஒரே மூச்சில் இறுக்கிவிடலாகாது. எல்லாப் போல்ட்டுகளையும் தளர்வாகப் பூட்டி, கதவையும் பானெட்டையும் மூடித் திறந்து, இடைவெளி ஒன்றுபோல் அமைகிறதா எனப் பார்த்த பின்னரே இறுக்குதல் முறை. பின்மட்கார்டுக்கும் உடலுக்கும் இடையே செல்லும் மெல்லிய குழாய்ப்பட்டியை மறந்து இறுக்கிவிட்டால் முழுவதையும் மீண்டும் தளர்த்த வேண்டியதே.

பற்றவைத்த தகடுகளின் கதை வேறு. கதவடிச் சட்டம் இரண்டையும் ஒருசேர வெட்டினால் உடற்கூடு நடுவில் தொய்ந்துவிடும். பின்னர்க் கதவுகள் மூடா. எனவே உடலைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். கூரையற்ற வண்டியாயின் கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்புத் தண்டு கொடுப்பது இன்றியமையாதது. மெல்லிய தகட்டில் தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டினால் அது நெளியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டு வைத்து, ஆறவிட்டு, பிறகே இடைவெளிகளை நிரப்புவர். பெட்ரோல் தொட்டியை அகற்றாமல் அதன் அருகே நெருப்பைக் கொண்டு செல்வது தற்கொலைக்கு ஒப்பாகும்.

இத்தனை தொல்லையை மக்கள் ஏன் மேற்கொண்டனர்? பிரிட்டனில் 1960இல் பழைய கார்களுக்குக் கட்டாயச் சோதனை வந்தது. முதலில் பத்தாண்டு கடந்த வண்டிகளுக்கே உரியதாயிருந்த அச்சட்டம், 1967இல் மூன்றாண்டு வண்டியையும் பற்றியது. பனிக்காலச் சாலைகளில் தூவும் உப்பு தகட்டைத் தின்ன, அரிப்பு கண்ட வண்டிகள் சோதனையில் விழலாயின. பட்டறைக் கூலியோ சில வேளைகளில் வண்டியின் விலையையே விஞ்சியது. 1980களில் சிறிய வெல்டிங் கருவிகள் குடும்பத்தார் வாங்கக்கூடிய விலைக்கு வரவே, கார்க் கொட்டகைகள் பட்டறைகளாயின. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனருக்கென்றே நிலையம் நடத்திய சார்லஸ் வேர், காரைச் சில ஆண்டுகளில் எறிந்துவிடும் பொருளாகக் கருதாமல் பழுதுபார்த்து நெடுங்காலம் ஆள வேண்டும் என்ற கருத்தை 1982இல் நூலாகவே எழுதினார். விளம்பரங்கள் ஆண்டுதோறும் புதிய காரைக் காட்டிய காலத்தில் இவ்வாறு எழுதத் துணிவு வேண்டும்.

ஆனால் அக்கருத்தைக் கற்பிக்க நூல் தேவைப்படாத நாடு ஒன்றிருந்தது. இலங்கையில் 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பழைய மோரிஸ் மைனரை விட்டால் வேறு வழியில்லாத நிலையில், அங்குள்ள கைவினைஞர் தகட்டைக் கையால் தட்டியே மட்கார்டும் தரையும் செய்யத் தேர்ந்தனர். வறுமை கற்பித்த அந்தத் தொழிலே பின்னர் ஏற்றுமதிப் பொருளாயிற்று. 1990களில் வேர், இலங்கைத் தொழில்முனைவர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து அங்கு மோரிஸ் மைனர் தகடுகளைச் செய்விக்கத் தொடங்கினார். அவ்வாறு இலங்கையில் உருப்பெற்ற தகடுகள் கப்பலேறி, அந்தக் காரைப் பெற்ற இங்கிலாந்துக்கே சென்று பூட்டப்பட்டன.