ஊசித்தட்டானுக்குப் பெயர் வைத்த பொருளாதாரப் பேராசிரியர்

குளத்தோரப் புல்லில் மஞ்சள் குச்சி ஒட்டியது போல ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும். தட்டான் கூட்டம்தான். ஆனால் உடம்பு ஊசி மாதிரி இருக்கும், கண்கள் இரண்டும் விலகி இருக்கும், உட்காரும்போது இறக்கையை முதுகின் மேல் மடித்துக்கொள்ளும். ஊசித்தட்டான் என்பார்கள். இந்த மஞ்சள் வகையின் அறிவியல் பெயர் செரியாக்ரியான் கோரமண்டலியானம். பெயரிலேயே நம்ம ஊர் இருக்கிறது பாருங்கள்! சோழமண்டலம்தான் ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆனது என்பார்கள்.

1798-ல் இதை முதலில் விவரித்தவர் யோகான் கிறிஸ்டியன் பாப்ரிசியஸ் என்ற டேனிஷ்காரர். 1775 முதல் கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். என்ன பாடம் தெரியுமா? இயற்கை வரலாறும் பொருளாதாரமும்! (காமர்ஸ் படித்தால் வங்கி வேலைதான் என்பவர்கள் கவனிக்க.) அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் 1620-லிருந்து 1845 வரை தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்தது. இங்கிருந்து போன கப்பல்களில் துணியும் மிளகும் மட்டுமா போயின? ஊசி குத்திய பூச்சிகளும் போயின.

அவருடைய குரு லின்னேயஸ் 1758-ல் தட்டான்கள் எல்லாவற்றையும் லிபெல்லுலா என்ற ஒரே பேரினத்தில் போட்டிருந்தார். ஊசித்தட்டான்களை ஆக்ரியான் என்று 1775-ல் தனியே பிரித்தது சீடர்தான். ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. செத்த தட்டானின் நிறம் சீக்கிரம் மங்கிவிடும். கீல் நகரத்து மேசைக்குப் போய்ச் சேர்ந்த பூச்சி, நம் குளத்து மஞ்சளில் இருந்திருக்காது.

அடுத்து வந்த பெரிய ஆள் இந்திய மருத்துவப் பணியில் இருந்த ஃப்ரேசர் என்ற டாக்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் தானே அலைந்து தட்டான்களைச் சேகரித்தவர். 1933, 1934, 1936 ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் எழுதினார். முதல் தொகுதியிலேயே ஊசித்தட்டான்கள் வந்துவிடுகின்றன. நிறத்தை எழுதியதோடு நிற்காமல், ஆணின் வால் நுனியைப் பெரிதாக்கிப் படம் வரைந்தார். இணையும்போது பெண்ணின் கழுத்தைப் பிடிக்கும் கொக்கிகள் அங்கேதான் இருக்கின்றன. இனத்துக்கு இனம் அவை வேறு.

பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது. 2005-ல் கே. ஏ. சுப்பிரமணியனின் தீபகற்ப இந்தியத் தட்டான் கையேடு மின்நூலாகவே வந்தது, பூச்சியைக் கொல்லாமல் பெயர் சொல்ல ஒரு வழி கிடைத்தது. பாப்ரிசியஸுக்குக் கிடைக்காத உயிர் நிறம் இன்று ஒரு க்ளிக்கில் கிடைக்கிறது. ஆனால் புதிதாகப் படமெடுப்பவர்கள் முகத்தை நேராக எடுத்துவிட்டு, ஃப்ரேசர் விழுந்து விழுந்து வரைந்த வால் நுனியைக் கோட்டைவிடுகிறார்கள். படம் அழகு, பூச்சிக்குப் பெயர் இல்லை!

நிழல் விழாமல் மெதுவாக நெருங்கி, உடம்புக்கு இணையாகக் கேமராவைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, வால் நுனி மட்டும் ஒன்று. பக்கத்துப் புல்லையும் பார்ப்பது நல்லது. மங்கலான பழுப்பில் ஒன்று உட்கார்ந்திருந்தால் வேறு இனம் என்று முடிவு கட்ட வேண்டாம், அதே மஞ்சளின் பெண்ணாக இருக்கலாம்.